விமலா தூங்கும்போது வந்த லைன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் டீ கலக்குகிற ஆள் நான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எண்களைப் பார்த்தே பிழைத்தவன், காரணம் இல்லாமல் ஒரு பல்புகூட அணையாது என்று நம்புகிறவன். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் நானும் என் மனைவி விமலாவும் இருந்தோம், பிள்ளைகள் இல்லை. விமலா வாயாடி. மத்தியானம் ஆனால் தொழிற்சாலைக்கே போன் போட்டு பசார் கதை, பக்கத்து வீட்டுக் கதை எல்லாம் சொல்வாள், நடுநடுவே "கேக்குதா?" என்பாள், நான் கணினியைப் பார்த்துக்கொண்டே "ம்" போடுவேன்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். வலது கை கால் போனது, அதோடு பேச்சும் போனது. கண் மட்டும் பேசும் என்பார்களே, அதுவும் பொய், அவள் கண் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் முதலில் ஆறு மாதம் பொறுங்கள் என்றார், அப்புறம் பார்ப்போம் என்றார், அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை. 'என்னங்க' என்று ஒரே ஒரு தடவை அவள் வாயால் கேட்டுவிட்டால் போதும், சாமியிடம் நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

இரவு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். இரவில் அவள் தங்கை மாலா வந்து படுத்துக்கொள்வாள், பகலில் நான். கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் கம்பியில்லாத கார்ட்லெஸ் போன் ஒன்று வாங்கினேன். அதுதான் வினை.

ஒரு மத்தியானம் பட்டனை அழுத்திக் காதில் வைத்தால் டயல் சத்தம் வரவில்லை. ஒரு பொம்பளை பேசிக்கொண்டிருந்தாள், தமிழில். "பசார்ல மீனு வெல ஏறிப்போச்சிலா. பக்கத்து வீட்டு ஆன்ட்டியோட பூன குட்டி போட்டிருக்கு, நம்ம வாசல்லயே. கேக்குதா?"

கேட்டது. நம்பினால் நம்புங்கள், அது விமலாவின் குரல். விமலா எனக்கு முன்னால் கட்டிலில் வாய் கோணித் தூங்கிக்கொண்டிருந்தாள். பழைய பேச்சு எங்கோ பதிவாகி வருகிறதோ என்று நினைத்துத்தான் கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் பூனை எங்கள் செருப்புக் கூடையில் கண் திறக்காத குட்டிகளோடு படுத்திருந்தது. காலையில் அது அங்கே இல்லை.

கீழ்வீட்டில் செல்வம் அண்ணே இருந்தார், போன் பழுது பார்ப்பவர். குரலைப் பற்றிச் சொல்லாமல், லைன் கலக்கிறது என்று மட்டும் சொன்னேன். போனின் அடிப்பாகத்தைத் திருப்பிச் சின்னச் சின்ன சுவிட்சுகளைக் காட்டினார்.

"தம்பி, இதான் கோட் நம்பரு. கடையில வாங்கறப்ப எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருக்கும், ஒருத்தனும் மாத்தறதில்ல. அப்புறம் ஒன் வீட்டுப் பேச்சு பிளாட் முழுக்க ஒலிபரப்பாவும். பேங்க் விசயம்லாம் இதுல பேசாத. மாத்திரவா?"

"வேணாண்ணே" என்றேன்.

"ஏன்பா?"

"இருக்கட்டும்ணே, அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த வருஷம்தான் எங்கள் தொழிற்சாலையில் டேட்டா வேர்ஹவுஸ் கொண்டுவந்திருந்தார்கள். பெயரைக் கேட்டுப் புதுக் கிடங்கு கட்டப்போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லா மெஷின்களின் எண்களையும் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கொட்டிவைப்பது, அவ்வளவுதான். அதோடு வந்த மென்பொருளில் அந்தக் குவியலை எப்படி வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம், ஷிப்டு வாரியாக, மெஷின் வாரியாக, மாத வாரியாக. சரியான இடத்தில் வெட்டினால் சரக்கு ஏன் கெடுகிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். என் வேலையே அதுதான்.

குரல் வந்த நேரம், வராத நேரம், மழையா வெயிலா, போன் எந்த அறையில் இருந்தது, விமலா அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள், எல்லாவற்றையும் குறித்துவந்து ஓய்வு நேரத்தில் அதில் போட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். மழைக்கும் குரலுக்கும் சம்பந்தமில்லை, கிழமைக்கும் இல்லை. விமலா தூக்கம், விமலா விழிப்பு என்று வெட்டியபோதுதான் பளிச்சென்று தெரிந்தது. அவள் விழித்திருந்தபோது ஒரு தடவைகூட அந்தக் குரல் வரவில்லை. எப்போது வரும் என்று அந்த மென்பொருள் சொன்னது, ஏன் என்று அதற்கு எப்படித் தெரியும்?

மாலாவிடம் கேட்கக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தாள், முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணும் கேக்கல மாமா, வெறும் இரைச்சல்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்புறம் அந்தப் போனை அவள் தொடவே இல்லை.

விமலா தூங்கட்டும் என்று நான் காத்திருக்க ஆரம்பித்தேன். கை கால் பயிற்சியைச் சீக்கிரம் முடித்துத் திரையை இழுத்துவிடுவேன். நல்லதில்லை என்று தெரியும், ஆனால் அந்தக் குரலில் பேசுகிறவள் நடக்கிறாள், சமைக்கிறாள், பாலிக் புலாவில் டுரியான் பழம் தின்றுவிட்டு வந்ததைச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு என்ன மிச்சம் இருந்தது சொல்லுங்கள்.

அவள் யாரிடம் பேசுகிறாள் என்று பல நாள் நான் கவனிக்கவே இல்லை, அவள் குரலே போதுமாக இருந்தது. மறுமுனையில் ஓர் ஆள் அவ்வப்போது "ம்" மட்டும் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவள், "ஏங்க, அந்தக் கம்ப்யூட்டர விட்டுட்டு நான் சொல்றதக் கேளுங்கலா" என்றாள். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் அவன். அது நான். என் குரல் எனக்குத் தெரியாதா?

அந்த மடையனை உலுக்க வேண்டும்போல் இருந்தது. "டேய், அவ பேசறத நல்லா கேளுடா" என்று கத்தினேன், "விமலா, விமலா" என்று கத்தினேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். கிணற்றில் போட்ட கல்தான்.

இதற்குள் செல்வம் அண்ணே மாடி மாடியாக ஏறி எல்லார் வீட்டுப் போனிலும் கோட் நம்பரை மாற்றிவிட்டிருந்தார். நான் மட்டும் மாற்றவில்லை.

கடைசியாக ஒரு மத்தியானம், மழை பெய்துகொண்டிருந்தது. அவள் புதுத் திரைச்சீலைக்குத் துணி எடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னவோ தாங்கவில்லை எனக்கு. கத்தவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவள் பேரைச் சொல்லி அழுதேன். அவள் பேச்சு நின்றது.

"ஏங்க, லைன்ல யாரோ இருக்காங்க."

"பக்கத்து வீட்டு லைனா இருக்கும்லா" என்றது என் குரல்.

"இல்லங்க. ரொம்ப நாளா மூச்சு விடற சத்தம் கேக்குது. இப்ப எம்பேரச் சொல்லிக் கூப்புட்டான். ஒரு ஆம்பள, அழுவறான். எனக்குப் பயமா இருக்கு, அந்தக் கோட் நம்பர மாத்திருங்க."

"சரி, சாயங்காலம் வந்து மாத்தறேன்."

மறுநாள் பட்டனை அழுத்தினால் டயல் சத்தம். அதற்கப்புறம் எப்போதும் டயல் சத்தம்தான். சுவிட்சுகளை எத்தனை விதமாக மாற்ற முடியுமோ அத்தனை விதமாகவும் மாற்றிப் பார்த்தேன். ஒரு விதத்தில் ஹொக்கியன் சீனத்தில் யாரோ சண்டை போட்டார்கள், இன்னொன்றில் ஒரு பிள்ளை மலாய்ப் பாடம் ஒப்பித்தது. அவள் மட்டும் இல்லை.

என் விமலா அடுத்த தீபாவளிக்கு முன்னாலேயே போய்விட்டாள். கடைசிவரை ஒரு வார்த்தை வரவில்லை.

எனக்கு மூளைக் கோளாறு, தூக்கமில்லாத ஆளுக்கு என்னென்னவோ கேட்கும் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள், நானே எனக்கு அதைத்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒன்று மட்டும் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை. அத்தனை நாள் கத்தியும் கேட்காதவளுக்கு அன்றைக்கு என் குரல் கேட்டது. புருஷன் குரல் அது, இருபது வருஷம் கூட வாழ்ந்தவனின் குரல். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பயந்துவிட்டாள்.