ஸ்டீரிங் இல்லாத பக்கம்

"இருங்க… இருங்க… எதுத்தாப்ல மாட்டு வண்டி. ம், தாண்டிடுச்சு. அப்பறம் ஒரு சைக்கிளு. அதுவும் போயிடுச்சு. வாசிங்க!"

அன்னபூரணி இப்படிச் சொல்லி வாய் மூடவில்லை, அதுவரை பஸ்ஸுக்குப் பின்னால் பம்மிக்கொண்டு வந்த வெள்ளை ஜப்பான் ஜீப் வலப்பக்கம் ஒதுங்கி, ஒரே மூச்சில் பஸ்ஸைத் தாண்டிவிடும். அவள் மறுபடியும் மடியிலிருக்கும் முறத்துக்குத் திரும்புவாள்.

கோட்டுச்சேரி சாலையில் எதிரே வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி இன்னும் பழகவில்லை. டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது வயது தாண்டிய ஒரு பெண்பிள்ளை. நெற்றியில் அகலக் குங்குமம், முந்தானைக்கு மேல் குறுக்காக ஒரு பெல்ட். இரண்டு கையாலும் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருப்பாள். வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வாய்க்காலில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த மருதையன் ஒருநாள் மாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறி வந்து பார்த்தார். "சொல்தா வூட்டம்மா கையை விட்டுட்டு வண்டி ஓட்டுதுப்பா!" என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டவர் அவர்தான்.

விஷயம் வேறொன்றுமில்லை. அந்த ஜீப்புக்கு ஸ்டீரிங் இடப்பக்கம். அங்கே அன்னபூரணியின் கணவர் குலசேகரன் உட்கார்ந்து ஒழுங்காகத்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். பிரெஞ்சு ராணுவத்தில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷனோடு திரும்பியவர்களைக் காரைக்கால் பக்கம் 'சொல்தா' என்பார்கள். குலசேகரன் அப்படித் திரும்பியவர். கடைசியாக வேலை பார்த்த இடம் ஜிபூத்தி என்கிற பாலைவன ஊர். அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஜப்பானிலிருந்து வந்த இந்த ஜீப்பைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தாராம். பிரான்ஸுக்கு அனுப்புவதாகத்தான் இருந்தார். "இவ்வளவு பெரியதை நம் தெருவில் எங்கே நிறுத்துவது?" என்று அவர் மனைவி மறுத்துவிட்டாள். குலசேகரன் வாங்கிக் கப்பலேற்றிவிட்டார்.

வெல்வெட்டு இருக்கை, பாட்டுப் பெட்டி, குளிர்காற்று எல்லாம் உண்டு. குளிர்காற்று வந்தால் அன்னபூரணி காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொள்வாள். "காசு குடுத்து சளி வாங்கணுமா?" என்பாள். வண்டி வீட்டுக்கு வந்த முதல் நாள் விளக்குமாறு எடுத்து உள்ளே பெருக்கினாள். இருக்கைக்கடியில் ஜிபூத்தி மணல் இரண்டு கை நிறைய வந்தது. எறிய மனம் வரவில்லை. சலித்துக் காயவைத்து, அதில்தான் இன்றுவரை வேர்க்கடலை வறுக்கிறாள். "நம்ம ஆத்து மணலைவிட இது சட்டுனு சூடேறுது" என்று சர்டிபிகேட் வேறு.

இருபது வருஷத்துக்கு மேற்பட்ட கல்யாணம். ஆனால் இருவரும் ஒரு கூரையின் கீழ் இருந்தது லீவுக்கு லீவுதான். அவர் கூப்பிட்ட போதெல்லாம் மாமியாருக்கு உடம்பு, விழிதியூர் நிலத்தில் அறுப்பு என்று ஏதாவது ஒன்று அவளைப் பிடித்து நிறுத்தியது. பிள்ளையும் இல்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தபோது, வீட்டுக்கு யாரோ வேற்றூர் ஆள் வந்து தங்கியதைப் போலத்தான் அவளுக்கு இருந்தது. "சாப்பிடுறீங்களா?" "ம்." "படுத்துக்குறீங்களா?" "ம்." அவருக்கும் அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை, பாவம்.

இந்த ஊமை நாடகம் ஜீப் வந்த அன்றுதான் முடிந்தது.

மெட்ராஸ் துறைமுகத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு இருவரும் வந்துகொண்டிருந்தார்கள். திண்டிவனம் தாண்டி, முன்னால் ஒரு வைக்கோல் லாரி. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த குலசேகரனுக்கு வைக்கோலைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியவில்லை. எட்டிப் பார்க்க வேண்டுமானால் பாதி வண்டியை நடுரோட்டில் நீட்ட வேண்டும். லாரியின் பின்னாலேயே ஊர்ந்தார். ராணுவத்தில் இந்த மாதிரி சமயத்தில் பக்கத்தில் இருப்பவன் சாலையைப் பார்த்து "வஸி!" என்பான். போகலாம், கிளம்பு என்று பிரெஞ்சில் அர்த்தம். அந்த ஞாபகத்தில், பொறுமையிழந்து மனைவியிடம் கத்தினார்.

"முன்னாடி பாத்து வஸி சொல்லேன்!"

அன்னபூரணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணவர் முதல் தடவையாகத் தன்னை ஒரு வேலை செய்யச் சொல்கிறார். வாசிக்கத்தானே சொல்கிறார்? உன்னிப்பாக முன்னால் பார்த்தாள். லாரியின் பின்பலகையில் எழுதியிருந்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம் எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள்.

"நாம் இருவர்… நமக்கு இருவர்!"

வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று உறைத்தது. முகம் சிவந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குலசேகரன் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டீரிங்கின் மேல் கவிழ்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரித்தால் வலது கன்னத்தில் குழி விழும் என்பது அன்னபூரணிக்கு அன்றுதான் தெரியும்.

அதற்கப்புறம் பாடம் நடந்தது. 'வஸி' அவள் வாயில் 'வாசி' ஆயிற்று. புருஷனை ஒருமையில் சொல்ல நா வராததால் ஒரு 'ங்க' சேர்ந்து 'வாசிங்க' ஆயிற்று. காரைக்கால் வந்து சேர்வதற்குள் எத்தனையோ பஸ்ஸும் லாரியும் பின்னால் போயின. வீட்டில் வாய் திறக்காத மனுஷர் வண்டியில் ஏறினால் பேச ஆரம்பித்தார். கேட்டாக வேண்டுமே! "என்ன வருது?" "போலாமா?" என்று தொடங்குவார். அவளும் பதில் சொல்லுவாள். அப்படியே பேச்சு ஜிபூத்தி வெயிலுக்குப் போகும், விழிதியூர் வரப்புத் தகராறுக்கு வரும். திருவேட்டக்குடியில் மீன் வாங்க வேண்டுமென்று அவள் வாரத்தில் நாலு நாள் நச்சரிப்பதன் ரகசியம் இதுதான். மீன் அவளுக்கு அவ்வளவு பிடிக்காது.

போன மாதம் அன்னபூரணிக்குக் காய்ச்சல். குலசேகரன் மருந்து வாங்கத் தனியாகப் போனார். பஸ்ஸை முந்துவதற்காக வண்டியை வெளியே நீட்டியபோது எதிரே சிமெண்டு லாரி. ஒடித்ததில் ஜீப் சாலையை விட்டிறங்கி, நாற்றங்காலில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஆளுக்கு அடியில்லை. முழங்கால் வரை சேறோடு வீட்டுக்கு வந்தவர், மருந்துப் பொட்டலத்தை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஸ்டீரிங்கை வலது பக்கம் மாத்திடப் போறேன், பூரணி. பட்டறை முகைதீன் பிச்சை செஞ்சு தர்றேங்கிறாரு."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டீரிங் வலப்பக்கம் வந்துவிட்டால் அவரே சாலையைப் பார்த்துக்கொள்வார். அப்புறம் அவளை எதற்குக் கேட்கப் போகிறார்? மறுபடியும் அந்தச் "சாப்பிடுறீங்களா?" "ம்." வேண்டாமென்று சொல்லவும் முடியாது. சொன்னால் அவர் உயிருக்குத் தானே உலை வைப்பதாகும். பக்கத்து வீட்டு லோகாம்பாளிடம்கூட மூச்சு விடவில்லை. இரண்டு நாள் மோரைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

போன வெள்ளிக்கிழமை ஜீப் பட்டறைக்குப் போயிற்று. வழி நெடுக அன்னபூரணி "வாசிங்க" என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. சிங்கப்பூரில் வண்டி வேலை கற்றுக்கொண்டு வந்த முகைதீன் பிச்சைக்கு ஒரே உற்சாகம். குலசேகரனை அவர் பிரெஞ்சு மரியாதையாக 'முசே' என்றுதான் கூப்பிடுவார்.

"சிங்கப்பூருல எல்லாம் வலது பக்கந்தான் முசே. மச்சான் வர்றப்ப சாமானைக் கொண்டாந்துருவாரு. இன்ஷா அல்லா, நாகூர் கந்தூரிக்கு வண்டி ரெடி" என்றவர், அன்னபூரணிக்கு எதிரே டாஷ்போர்டில் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். "இந்த எடத்துலதாம்மா ஸ்டீரிங் வரும். நீங்க செத்த எறங்கிக்கிட்டா கீழ அளவு பாத்துருவேன்."

அன்னபூரணி இறங்கவில்லை.

"அப்ப என்னை எங்க ஒக்காரச் சொல்றீங்க?"

"அந்தப் பக்கம். நிம்மதியா வயலு, வாய்க்கால்னு வேடிக்கை பாத்துக்கிட்டு வரலாம்மா. ரோட்டைப் பாத்துக் கத்துற வேலை இனிமே ஒங்களுக்கு எதுக்கு?"

குலசேகரன் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். "எறங்கு பூரணி, நேரமாவுது."

"எறங்க மாட்டேங்க."

"மாத்த வேணாங்கிறியா?"

"யாரு வேணாங்கிறா? நல்லா மாத்துங்க. ஒங்க உசுரு எனக்கு வேணும்." பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஆனா இது என் எடம். ஸ்டீரிங் இங்க வருதுன்னா வரட்டும். நான் ஓட்டுறேன்."

முகைதீன் பிச்சை கையில் சாக்குக்கட்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"நீயா?" என்றார் குலசேகரன். "அப்ப நான்?"

"நீங்க அந்தப் பக்கம் ஒக்காந்து பேசிக்கிட்டு வாங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து பேசாம வெச்சிருக்குறது எவ்வளவு கெடக்கு. எனக்குக் கேக்கணும்."

ராணுவத்தில் எத்தனையோ பேருக்கு உத்தரவு போட்ட மனுஷர் கதவோரம் குந்தி உட்கார்ந்தார்.

"எடது காலுக்குக் கிளட்சு" என்றார். "பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலது காலுக்கு."

அன்னபூரணி செருப்பைக் கழற்றினாள். குலசேகரன் குனிந்து அவள் காலடியிலிருந்த ரப்பர் விரிப்பை உருவி வெளியே போட்டார். பெடல் ஏதும் இல்லாத அந்த வெறும் தகரத்தில் வலது பாதத்தை வைத்து, அவள் மெள்ள அழுத்திப் பார்த்தாள்.