அந்த எண்ணை அழிக்க வேண்டாம்

மெற்றில்டா அக்கா இறந்துவிட்ட செய்தி அவருடைய போனிலிருந்தே எனக்கு வந்தது. பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். திரையில் அவருடைய பெயர். "ஓம் அக்கா, சொல்லுங்க" என்றேன். பேசியது அவருடைய கணவர் ஞானம் அண்ணன். "புள்ள, அக்கா போயிட்டா." எனக்கு அது விளங்கவில்லை. "எங்க போயிட்டா அண்ணன்?" என்று கேட்டுவிட்டேன். நெஞ்சு நோகுது என்று ஆசுபத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அண்ணன் அன்றே கேட்டிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு எனக்கு வந்தது. கடைசியாக அச்சகத்துக்குப் போவது என்னுடைய பக்கமாகத்தான் இருக்கும். அக்கா இருந்தால், "காய்ச்சல் புள்ளைக்கா, உன்ட கைக்கா?" என்று கேட்டிருப்பார்.

உங்களில் பலர் அவரைக் கோயில் பாடகர் குழுவில் அறிந்தவர்கள். எனக்கு அவர் தொழில் கூட்டாளி. நாவற்குடாவில் அவருடைய வீட்டு முன்னறையில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இணையத்தளம் செய்து கொடுத்தோம். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தவள் நான். ஆட்களைப் பேசிப் பிடித்து வருவது அவர். நிறம் தெரிவுசெய்வதை மட்டும் அவர் கையில் விடக்கூடாது. எதற்கும் மஞ்சளைப் பூசிவிட்டு, "வெயில் மாதிரி இருக்கு புள்ள" என்பார். என் மகள் பிறந்தபின் அதே அறையில் ஏணை கட்டித் தந்தார். ஒரு காலால் ஏணையை ஆட்டியபடியே விடுதி முதலாளிமாரோடு போனில் பேரம் பேசுவார்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்ததும் எங்களுக்கு வேலை குவிந்தது. வெளியூர் ஆட்கள் கடற்கரைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். ஓர் அறை வைத்திருந்தவருக்கும் இணையத்தளம் வேண்டியிருந்தது. அது நிலைக்கவில்லை. படத்தை இழுத்துப் போட்டு, எழுத்தை மாற்றினால் தளம் தயாராகிவிடும் கருவிகள் வந்தன. நாங்கள் கிழமைக்கணக்கில் மினக்கெட்டுச் செய்வதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பின்னேரத்தில் செய்தார்கள். வேலை தருவதாகச் சொன்னவர்கள், "மருமகன் செஞ்சிட்டான்" என்று விலகினார்கள். என் கணவருக்கு நிரந்தர வேலை இல்லை. கைக்குழந்தையோடு நான் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான்.

ஓட்டமாவடியில் அரிசி ஆலை வைத்திருந்த காசிம் நானாவும் அப்படி விலகியவர்தான். அக்கா கோபிக்கவில்லை. "கொண்டுவந்து காட்டுங்க நானா, பாப்பம்" என்றார். அவரும் மடிக்கணினியோடு வந்தார். பக்கம் அழகாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், எங்கள் மஞ்சளைவிட அழகு. அக்கா தன்னுடைய போனை எடுத்து, அந்தப் பக்கத்திலிருந்த எண்ணை அடித்தார். அருகில் அமர்ந்திருந்த நானாவின் போன் பேசாமல் கிடந்தது. அக்காவின் போனில் ஓர் ஆங்கிலக் குரல், அப்படியோர் எண்ணே இல்லை என்றது. கருவியோடு உதாரணத்துக்கு வந்த எண்ணை மருமகன் மாற்ற மறந்திருந்தான்.

நானா தலையில் கை வைத்தார். "ஒரு மாசமா ஒருத்தனும் எனக்குக் கோல் எடுக்கல்ல. நான் என்ட அரிசியத்தானே சந்தேகப்பட்டன்!"

"அரிசி பாவம் நானா" என்றார் அக்கா.

இனி வேலை எங்களிடம்தான் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். அக்காவோ கணினியை நானாவின் பக்கம் திருப்பி, "இதுல தட்டுங்க, உங்கட நம்பரை நீங்களே போடுங்க" என்று, அவர் ஒற்றை விரலால் தட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். நானா போனதும் நான் வெடித்தேன்.

"நம்மட வயித்துல நாமளே மண்ணப் போடுறமா அக்கா? கருவி எப்படி எண்டு நாமளே காட்டிக் குடுத்தா நமக்கு ஆரு வேலை தருவாங்க?"

"பக்கம் செய்யிற வேலை போயிட்டு புள்ள. அது போகட்டும். அடிச்சுப் பாக்கிற வேலை இருக்குத்தானே?"

எந்தத் தளத்தைச் செய்து முடித்தாலும் அதிலுள்ள எண்ணை அடித்துப் பார்ப்பது அவருடைய பழக்கம். ஏதோ சடங்கு என்றே நினைத்திருந்தேன். அன்றுதான் காரணத்தைச் சொன்னார். சுனாமியில் அவருடைய தங்கை நாவலடியில் காணாமல் போனார். அக்கா டவுனிலிருந்த இன்டர்நெட் கடையில் போய் உட்கார்ந்தார். காணாமல் போனவர்களை விசாரிக்கலாம் என்று ஒரு பக்கத்தில் ஓர் எண் இருந்தது. அடித்தார். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. நாள்கணக்கில் அடித்தார். தங்கை கிடைக்கவே இல்லை.

"அதைப் போட்டவங்க கெட்டவங்க இல்ல புள்ள. பக்கத்தைச் செஞ்சிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டாங்க. அவ்வளவுதான். நான்தான் மணியைக் கேட்டுக்கொண்டே இருந்தன்."

அதன்பிறகு எங்கள் தொழில் மாறியது. தளத்தை அவரவரே செய்தார்கள். நாங்கள் மாதாமாதம் முன்பின் தெரியாத வாடிக்கையாளர்போலப் போன் அடித்தோம், அறை கேட்டோம், அரிசி விலை கேட்டோம், படத்திலுள்ளது உண்மையில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்து, பிழை இருந்தால் உரியவருக்குச் சொன்னோம். அதற்குக் காசு தருவார்களா என்று பயந்தேன். முதலில் தந்தவர் காசிம் நானா.

வெல்லாவெளிப் பக்கம் விவசாயிகள் சிலர் தங்கள் தளத்தில் நெற்களஞ்சியத்துக்குப் போகும் பாதையின் படத்தைப் போட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் எடுத்த படம். அக்கா மாரியில் பஸ் ஏறிப் போய், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் அந்தப் பாதையால் நடந்தார். களஞ்சியத்தில் நின்றவர்கள், "ஏன்கா, சுத்திப் போற நல்ல றோட்டால வந்திருக்கலாமே!" என்றார்களாம். "உங்கட படம் இதைத்தானே காட்டுது தம்பிமாரே" என்றிருக்கிறார் அக்கா. படம் அன்றைக்கே மாறியது.

எனக்குப் பயம் விடவில்லை. நாளைக்குப் போனையும் தானே எடுத்துப் பேசும் கருவி வந்தால் என்ன செய்வோம் என்று கேட்டேன். "வரட்டும். அது எடுக்கட்டும். எடுத்து உண்மையச் சொல்லுதா எண்டு நாம அடிச்சுப் பாப்பம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் நிழலில்தான் நான் இத்தனை காலமும் ஒதுங்கி நின்றேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

அடக்கம் முடிந்து சில நாளில் ஞானம் அண்ணன் அக்காவின் போனைக் கொண்டுவந்து தந்தார். "இது அடிக்கிற நேரமெல்லாம் அவதான் எடுக்கப் போறா எண்டு நினைக்கிறன். என்னால ஏலாது புள்ள. நீ வெச்சிரு." அதை அலமாரியில் வைத்தேன். வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சு: அவர் இல்லாமல் தனியே ஏலாது, தொழிலை மூடிவிடு, பள்ளிக்கூடத்தில் ஏதாவது வேலை கேட்டுப் பார். எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் சொந்தத் தளத்திலிருந்து அவருடைய எண்ணை எடுத்துவிட உட்கார்ந்தேன். எங்களுடையதையும் இப்போது அந்த எளிய கருவியில்தான் வைத்திருந்தோம். செய்வதைப் போலவே அழிப்பதும் எளிது. ஒரு தட்டுப் போதும்.

அழிக்குமுன், பழக்கத்தில், அந்த எண்ணை அடித்தேன்.

அது என் வீட்டில் ஒலித்தது. மகள் ஓடிப்போய் அலமாரியை இழுத்துத் திறந்து, போனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, "எடுங்கம்மா" என்றாள்.

நான் அழிக்கவில்லை. பள்ளிக்கூட வேலையும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை வெல்லாவெளிக்கு அடித்தேன், எடுத்தார்கள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த எண்ணைத்தான். உங்கள் போனில் அவருடைய பெயர் இன்னும் இருந்தால், அதை அப்படியே விடுங்கள். மனம் கேட்காமல் என்றைக்காவது அடித்தாலும் அடியுங்கள். பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எடுப்பேன்.