வாய்க்குள் இரண்டு நிமிடம்

வாயில் வெள்ளை படியத் தொடங்கியபோது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போய் வெந்துவிட்டது என்றுதான் ஊரில் சொல்லி வைத்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்கள் அவை. எனக்கு எச்.ஐ.வி. இருப்பது என் மனைவிக்கும் அடிவாரத்து டவுன் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமே தெரியும். அவளுக்கு இல்லை என்று சோதனையில் வந்திருந்தது. மலைமேல் அரியூர் நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மரவள்ளிக் காடும், மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகளும் உண்டு. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கவலைப்படுவதற்கு அந்தப் படிப்பே தாராளமாகப் போதுமாக இருந்தது.

நாக்கில் தயிர் ஒட்டியதுபோல இருக்கும். சுரண்டினால் அடியில் சிவந்து எரியும். சாமைச் சோறு மணல் மாதிரி உருளும். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இது பூஞ்சைதான், பழைய ரொட்டியில் பூப்பது போல வாயிலும் பூத்திருக்கிறது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும்போது வரும், மருந்தில் போய்விடும் என்றார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒரு மஞ்சள் மருந்துப் புட்டியைத் தந்து, "ஒரு மூடி, நாலு வேளை, வாயில ஊத்திக்கங்க" என்றார்கள். பின்னால் பெரிய வரிசை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அத்தோடு பஸ் ஏறியிருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் கேட்காமலே சொன்னார். "வாயில வந்தா பரவால்லீங்க. மருந்து போட்டும் போவலீன்னாத்தான் முடிஞ்சுது."

பத்து நாள் ஒரு வேளை தப்பாமல் குடித்தேன். வெள்ளை போகவில்லை. கன்னத்தின் உட்பக்கமும் பரவியது. சவரக் கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கொடிக்கு மறைவில் நின்று நாக்கை நீட்டிப் பார்ப்பேன். பெஞ்சுக்காரர் சொன்னதுதான் காதில் ஓடும். பதினோராம் நாள் மனைவியைக் கூப்பிட்டு, எந்தக் கொடியை எப்போது பறிக்க வேண்டும், பலாமரத்தை யாருக்குக் குத்தகைக்கு விடக்கூடாது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன்.

அவள் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, நாலு வருசமா மொளகு பறிக்கறது ஆருங்க?"

"நீதான்."

"அப்பறம் எனக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கறீங்க? நாளைக்கு மொத பஸ்ஸுக்குக் கெளம்புங்க. நானும் வாரேன்."

செம்மேட்டில் பஸ் ஏறினோம். மலை இறங்கிக் காரவள்ளி வரும் வரை வளைவுக்கு வளைவு அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் என் காரியத்துக்கு எத்தனை பேருக்குச் சோறாக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் பெண், அடிவாரத்து டவுனில் மளிகைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டார்ச் அடித்து வாயைப் பார்த்தது.

"மருந்து ஒழுங்கா எடுத்தீங்களாண்ணே?"

"ஒரு சொட்டு வீணாக்கலீங்க. இதோ, புட்டியே சாட்சி."

"எப்படி எடுத்தீங்க? எனக்கு ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க."

இதில் காட்ட என்ன இருக்கிறது என்று நினைத்தபடி மூடியில் மருந்தை ஊற்றினேன். தலையை அண்ணாந்தேன். ஒரு சாண் உயரத்தில் மூடியைப் பிடித்து, தொண்டைக்குழிக்கு நேராகக் கவிழ்த்தேன். உதட்டிலோ மீசையிலோ ஒரு துளி படவில்லை. எங்கள் வீட்டில் செம்பில் வாய் வைத்தால் அடி விழும். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். நோய் தெரிந்த பிறகு, என் எச்சில் எதிலும் பட்டுவிடக்கூடாது என்று இன்னும் உயரத் தூக்கிக் குடித்தேன்.

அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. தோள் குலுங்கியது.

"அண்ணே, மருந்து நாக்குல எங்கண்ணே பட்டுச்சு? நேரா வயித்துக்குல்ல போயிருக்கு! நோவு வாயில இருக்கு. வாய்க்குள்ள ரெண்டு நிமிஷம் வெச்சுக் கொழப்பணும். கன்னம், நாக்கு, மேல் அண்ணம் எல்லாம் படணும்."

என் மனைவி சிரிக்கவில்லை. என் முதுகில் பட்டென்று ஒன்று வைத்தாள். "பத்து நாளா என் உசிரை எடுத்துப்போட்டு!"

டாக்டர் மறுபடி பார்த்தார். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் இதே மருந்தில் இன்னொரு புட்டி வாங்கி, வெள்ளை போனாலும் புட்டி முடியும் வரை சரியாகப் போடுங்கள், ஒரு வாரம் கழித்து வந்து காட்டுங்கள், கேட்கவில்லையென்றால் மாத்திரை இருக்கிறது என்றார். மாத்திரை வேறு இருக்கிறதா! அந்தப் பெஞ்சுக்காரரைத் தேடினேன். ஆள் இல்லை. கிளம்பும்போது அந்தப் பிள்ளை, டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் யாருக்கும் இந்த நோய் வராது என்றும் சொல்லி அனுப்பியது.

அன்றிலிருந்து நாலு வேளையும் வாய் நிறைய மருந்து. இரண்டு நிமிடம் பேச முடியாது. இதை என் மனைவி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். மூடியைக் கையில் எடுத்தால் போதும், எதிரே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"சொல்லோணும்னே இருந்தனுங்க. போன தை மாசம் எங்கண்ணன் வந்தப்போ மூஞ்சிய எந்தப் பக்கம் திருப்பிக்கிட்டிருந்தீங்க?"

"ம்ம்."

"ம்ம்மா? கோழி அடிச்சனே, ஒரு வார்த்தை நல்லாருக்குதுன்னு சொன்னீங்களா?"

"ம்ம்ம்!"

"துப்பிராதீங்க. இன்னும் ஒரு நிமிசம் இருக்குது."

காட்டை அவளிடம் விட்டுவிட்டு நான் லாரியில் கிளீனராகப் போனது, பீடி, ஓட்டைக்கூரை, எல்லாம் வந்தது. சில வேளைகளில் அவள் பேச்சை நடுவில் நிறுத்தி, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வேளைகளில் இரண்டு நிமிடம் ரொம்ப நீளம்.

ஆறாம் நாள் காலையில் கண்ணாடியில் நாக்கு சிவப்பாக இருந்தது. நம்பாமல் வெயிலில் போய்ப் பார்த்தேன். அவளைக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டினேன். அவள் என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள்.

"மூடுங்க, ஈ போயிரும்" என்றாள்.

அன்று வெகு நாள் கழித்து மிளகாய்ச் சட்னி அரைத்தாள். களியோடு சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெறும் காரம்தான், வேறொன்றுமில்லை. கை கழுவிவிட்டு, "அதான் போயிருச்சே, இனி எதுக்கு மருந்து?" என்றேன்.

அவள் மூடியில் அளந்து ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"புட்டி முடியற வரைக்கும் போடச் சொன்னாங்கல்ல? போட்டுக்கங்க. என்ர அம்மா ஊட்டுச் சமாச்சாரத்துக்கு இன்னும் வரவே இல்லீங்க நானு."