ஹன்லேயில் மழை

என் வீட்டுக்காரர் அய்தாஹிஸுக்கு ஓட்டைவாய். இதை நான்தான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவரைப் பற்றி வேறு யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். "அவரைப் போல மனுஷன் உண்டா?" என்பார்கள். கட்டிக்கொண்டவளுக்குத்தானே தெரியும்! அவர் என் அம்மாவின் அண்ணன் மகன். எங்கள் அஃபார் வழக்கப்படி நான் பிறந்தபோதே அவருக்கு என்று ஆகிவிட்டது. பிடிக்கிறதா என்று என்னை யாரும் கேட்கவில்லை. பிடித்துத்தான் இருந்தது, அது வேறு கதை.

எங்கள் ஜிபூட்டி நாடு, வரைபடத்தில் பார்த்தால் ஓர் ஆட்டுக்காது அளவுதான் இருக்கும். கருங்கல்லையும் உப்பையும் அள்ளிக் கொடுத்த ஆண்டவனுக்கு மழை கொடுக்கும்போது மட்டும் கை வரவில்லை. எங்கோ ஒரு மூலையில் நாலு தூறல் விழுந்தால், அடுத்தவர் வாய் வழியாகத்தான் அது நமக்குத் தெரியும். அதற்குத்தான் எங்களில் தாகு என்கிற வழக்கம். வழியில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் கைகொடுத்து, உட்கார்ந்து, பார்த்ததையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொள்ள வேண்டும். பார்த்தது வேறு, கேட்டது வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மறைத்தான் என்று பேர் வாங்கியவனிடம் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்த மண்ணில் அவன் செத்த மாதிரிதான்.

அந்த வருஷம் எங்கள் கோபாட் சமவெளியில் முள்மரம்கூட இலையை உதிர்த்துவிட்டு நின்றது. மந்தையில் பாதி போய்விட்டது. என் மார்பும் வற்றிப்போனது. கைப்பிள்ளை ஹலீமா ஒரு புள்ளி ஆட்டின் பாலில்தான் உயிரோடு இருந்தாள். அந்த ஆடு விழுந்தால் பிள்ளையும் விழுவாள். எனக்கு வேறு கவலையே கிடையாது.

அப்போதுதான் ஹுமத் என்கிற ஒட்டகக்காரர் வந்து உட்கார்ந்தார். ஹன்லே சமவெளியில் மழை, ஓடையில் தண்ணீர் ஓடியது, புல் கணுக்கால் உயரம், கண்ணால் பார்த்தேன் என்றார். என் வீட்டுக்காரர் குடைந்து குடைந்து கேட்டார். பொய்யில்லை.

உடனே வீட்டைப் பிரித்தேன். பாயையும் வளைகம்புகளையும் கழுதைமேல் கட்டிக்கொண்டே சொன்னேன்.

"மச்சான், வழியில யாரு கேட்டாலும் புல்லப் பத்தி மூச்சு விடாதீங்க. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறோம்னு சொல்லுங்க, போதும்."

"ஹுமத் நம்மகிட்ட அப்படிச் சொல்லியிருந்தா?"

"அவருக்குக் கைப்பிள்ளை இல்ல."

"இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாரு புள்ள," என்றார். இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

முதல் நாளே ஒட்டகத்தோடு அண்ணன் தம்பி இரண்டு பேர் எதிரே வந்தார்கள். நான் பின்னாலிருந்து அவர் முதுகைக் கிள்ளினேன். கிள்ளக் கிள்ள, எந்தக் கணவாய் வழி போனால் சீக்கிரம் என்பதுவரை சொல்லி முடித்தார். தார்ச்சாலையைக் கடக்கும்போது ஓர் ஆட்டு வியாபாரி லாரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் சொன்னார். லாரிக்கும் நம் கழுதைக்கும் போட்டியா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாவதாக ஒரு பெரியவர் வந்தபோது நானே முந்திக்கொண்டேன். "கல்யாணத்துக்குப் போறோம் மாமா."

அவர் கழுதையை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டையே பிரிச்சுக் கட்டிக்கிட்டா? மாப்பிள்ளைக்குச் சீதனமாம்மா?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "என் சம்சாரம் வெயில்ல கொஞ்சம் கலங்கிட்டா, மன்னிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். அன்று முழுக்க நான் கழுதையோடுதான் பேசினேன்.

ஹன்லேக்குப் போய்ச் சேர்ந்தால் எங்களுக்கு முன்னால் எல்லோரும் அங்கே இருந்தார்கள். அண்ணன் தம்பி, அவர்களுடைய சித்தப்பன் பெரியப்பன், வியாபாரி லாரியில் இறக்கிய மந்தை. சமவெளி முழுக்க ஆட்டுப் புழுக்கை. புல் இருந்த இடத்தில் மண்ணோடு ஒட்டிய அடித்தூர்தான் மிச்சம். எங்களைக் கண்டதும் ஓடி வந்து இவர் கையை முத்தமிட்டார்கள். "அண்ணே, உங்க வாய்ச்சொல்லாலதான் எங்க உசுரு தங்குச்சு," என்றார்கள். கோபப்படலாம் என்றால் யார்மேல் படுவது? யாரும் எங்களை ஏமாற்றவில்லை. நல்லவர்கள் நடுவில் பட்டினி கிடப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

புள்ளி ஆடு ஒரு காலையில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. நான் அதன் வாயில் தண்ணீர் ஊற்றினேன், திட்டினேன், அழுதேன். பக்கத்துக் குடிசைப் பெண்கள் ஹலீமாவுக்கு மரக்குவளையில் பால் கொண்டுவந்தார்கள். அவர்கள் ஆடும் வற்றியபின் வெறுங்குவளையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. யார் வந்து உட்கார்ந்தாலும் தன் வாய்க்கே பயந்தவர்போல இருந்தார்.

அண்ணன் தம்பியில் இளையவன் திரும்பி வந்து ஒரு சேதி சொன்னான். மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊற்று, சுற்றிலும் கொஞ்சம் பச்சை. ஒரு மந்தைக்குக் காணும், இரண்டுக்குக் காணாது. எங்களிடம் மூன்று ஆடு மிச்சம். ஒன்று சினை. அது ஈன்றால் பால். அதுவரை ஹலீமாவுக்கு மாவு கரைத்த தண்ணீர்தான்.

கழுதையில் பாய் ஏற்றிக்கொண்டிருக்கும்போது தெற்கிலிருந்து ஒருவன் வந்தான். நாற்பது ஆடு இருக்கும், எலும்பு தெரிந்தாலும் நடக்கிற ஆடுகள். பின்னால் அவன் மனைவி, இடுப்பில் பிள்ளை. அவன் கைகொடுத்தான், உட்கார்ந்தான். "பார்த்ததச் சொல்லுங்கண்ணே, கேட்டதச் சொல்லுங்க."

இவர் குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். அவன் என் பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லு தங்கச்சி."

ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பிப் போயிருப்பார்கள். வந்த வழியில் தண்ணீர் இல்லை, அது எனக்குத் தெரியும். அவன் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, ஹலீமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பிலிருந்த பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் தன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நீ ஏன்டி இந்நேரத்துக்கு வந்தாய்?

"இங்க ஒண்ணுமில்லண்ணே, கண்ணால பார்த்தது," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மலைக்கு அந்தப் பக்கம் ஊத்து இருக்காம். கேட்டதுதான்."

அவன் எனக்காக ஆண்டவனிடம் துஆ கேட்டுவிட்டு எழுந்தான். அவன் ஆடுகள் எங்கள் ஆடுகளைவிட வேகம். கொஞ்ச தூரத்திலேயே எங்களைத் தாண்டிப் போய்விட்டன.

பல நாளாகத் திறக்காத வாயை என் வீட்டுக்காரர் அப்போதுதான் திறந்தார்.

"என்னப் போயி ஓட்டைவாய்னு சொன்னியே புள்ள."

நான் ஹலீமாவின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, அவர்கள் கிளப்பிய புழுதிக்குள் நடந்தேன்.