இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

புது டயரோ பழைய டயரோ, லயல் பெட்டிகுரோவ் முதலில் மூக்கைத்தான் வைப்பார். கட்டைவிரலால் ரப்பரை அழுத்தி, முலாம்பழம் வாங்குகிறவர்போல மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "இது வெள்ளையாப் பொகையும். அது கறுப்புப் பொகை, துணியெல்லாம் நாறும், உன் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா." அவர் வேலை பார்க்கும் கடையில் டயர் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதை மாட்டிக்கொண்டு எங்கும் போவதில்லை, எரிக்கத்தான் வாங்குகிறார்கள். யரம்பா என்ற அந்தச் சிற்றூரில் கோதுமை அறுப்பு முடிந்த சனிக்கிழமைகளில், கண்காட்சித் திடலுக்குப் பின்னாலிருக்கும் சிமென்ட் தளத்தில் காரை நிறுத்தி, முன்சக்கரங்களைப் பிரேக்கில் கட்டிப்போட்டு, பின்சக்கரங்களை மட்டும் சுழலவிட்டு, டயர் வெடிக்கும்வரை புகை கிளப்புவார்கள். ஊரே மடக்கு நாற்காலியும் குளிர்பெட்டியுமாக வந்து உட்கார்ந்து பார்க்கும்.

லயல் அந்தத் தளத்தின் பெரிய கை. கியர் வண்டிக்காரர். கிளட்சை மிதித்து, என்ஜினை அலறவிட்டு, அலறல் உச்சத்துக்குப் போகும்போது இடது காலைச் சட்டென்று எடுப்பார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் புகைக்குள் மறைந்துபோகும். அந்தக் காலை எடுக்கும் ஒரு நொடிக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளும் வேலைக்குப் போனார் என்று சொன்னால் அவரே மறுக்கமாட்டார். கிளட்ச் மிதித்து மிதித்து இடது தொடை வலதைவிடப் பருத்திருந்தது. அரைக்கால் சட்டையைச் சுருட்டி அதைக் காட்டிப் பெருமையடிப்பார். "மூணு மிதி இருந்தா அது காரு. ரெண்டு மிதி இருந்தா அது சைக்கிள்."

இந்த சைக்கிள் பேச்சு முழுக்க நெவ் ஸ்டாகுக்காகச் சொல்லப்பட்டது. நெவ் கோதுமை விவசாயி, லயலோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர். அவரிடம் இருந்தது கரும்பச்சை ஹோல்டன் கார். முன்சீட் பிளவில்லாத ஒரே நீள மெத்தை, கியர் கம்பி ஸ்டியரிங்கின் ஓரத்தில். ஆட்டோமேட்டிக், கிளட்சே கிடையாது. நெவ் வண்டியை அலறவிடமாட்டார். கியரைப் போட்டுவிட்டு, இடது காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் கொஞ்சம் கொஞ்சமாக மிதிப்பார். முதலில் மெல்லிய நூல்போலத்தான் புகை வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தளம் காணாமல் போய்விடும்.

"தூங்கிட்டியாடா உள்ள?" என்று வேலிக்கு வெளியே நின்று லயல் கத்துவார்.

"உனக்கு எல்லாத்துலயும் அவசரம். டயருக்கு முன்னாடி நீ வெடிச்சுருவ," என்பார் நெவ்.

"இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டிடா உன்னுது. அத வெட்டிப் போட்டாக்கூட நீ ஓட்டுவ."

வேலியோரம் நிற்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்கள். நெவ்வும் சிரிப்பார்.

பிறகு லயலுக்குச் சர்க்கரை வந்தது. இடது பாதத்தில் ஒரு புண். காலணி கடித்ததுதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். புண் ஆறவில்லை, கறுத்தது. நகரத்து மருத்துவமனையில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலோடு வீட்டுக்கு வந்தவர் அரைக்கால் சட்டைகளையெல்லாம் மூட்டைகட்டிக் கொடுத்துவிட்டு, கொளுத்தும் வெயிலிலும் முழுக்கால் சட்டைக்கு மாறினார். அவருடைய கியர் வண்டி கொட்டகையில் தூசி படிந்து நின்றது. விற்கவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நெவ் தன் இழுவண்டியில் எதையோ கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி. எங்கேயோ தேடிப் பிடித்து, கழுவித் துடைத்து எடுத்து வந்திருந்தார்.

"இன்னைக்கே மாட்டிரலாம்டா. ரோட்டுல ஓட்ட வலது கால் ஒண்ணு போதும். அடுத்த வாரம் நீயே கடைக்கு ஓட்டிட்டுப் போலாம்."

அவர் வேறெதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் லயலின் காதில் விழுந்தது, வருஷக்கணக்காக வேலியோரம் நின்று தானே கத்திய வார்த்தை. வெட்டிப் போட்டாக்கூட ஓட்டுவ. முகம் சிவந்துபோய்ச் சொன்னார்: "நான் நொண்டியானது பத்தாதுன்னு என் வண்டியையும் நொண்டியாக்க வந்தியா? கிளம்பு." நெவ் வண்டியில் ஏறினார். கயிற்றை அவிழ்க்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு பேச்சு நின்றது. சாலையில் எதிரே வருகிறபோது, அந்த ஊர் வழக்கப்படி, நெவ் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார். பிறர் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துபோகும் லயல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நெவ் ஒருதடவைகூட விரலை உயர்த்தாமல் போனதில்லை. லயலும் ஒருதடவைகூடத் திரும்பாமல் இருந்ததில்லை. இப்படியே இரண்டு அறுப்பு போயிற்று. மூன்றாவது விதைப்புக்கு முன் நெவ் தன் நிலத்திலேயே நெஞ்சடைத்து விழுந்து இறந்துபோனார்.

இறுதிச் சடங்குக்கு லயல் போகவில்லை. கடையில் சரக்கு வருகிறது என்று சொல்லிவிட்டார். அன்று எந்தச் சரக்கும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து நெவ்வின் மனைவி கிளெனிஸ் கடைக்கு வந்தார். கையில் நெவ்வின் சாம்பல் இருந்த பெட்டி. இந்த ஊரில் சிலர் சாம்பலை ஆற்றில் விடுகிறார்கள், சிலர் நிலத்தில் தூவுகிறார்கள், டயர் எரித்து வாழ்ந்தவர்களுக்கு டயர்தான். சாம்பலை இரண்டு பின் டயர்களுக்குள்ளும் போட்டு மாட்டி, தளத்தில் நிறுத்திச் சுழற்றுவார்கள். டயர் வெடித்தால்தான் உள்ளே இருப்பவர் வெளியே வருவார். வெடிக்காமல் பாதியில் நின்றுபோனால் அவரை இரும்புவட்டத்துக்குள் பூட்டிவைத்த மாதிரி. அப்படி ஒருமுறை நடந்து, அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போயிற்று.

லயல் இரண்டு டயர்களை எடுத்து மோந்து பார்த்தார். கையுறையைக் கழற்றினார். சாம்பலைப் பாதிப்பாதியாக இரண்டிலும் இறக்கினார். விளிம்பில் ஒட்டியதை விரலால் வழித்து உள்ளே தள்ளினார். தரையில் கொஞ்சமும் சிந்தவில்லை.

"ஓட்டறதும் நீதான்," என்றார் கிளெனிஸ்.

லயல் தலையைத் தூக்கவில்லை. "அவன் சொன்னானா?"

"இல்ல. சொல்லியிருந்தா உனக்கு வசதியா இருந்திருக்கும். நான் கேக்கறேன்."

"நல்ல நல்ல பசங்க இருக்காங்க, கிளென்."

"இருக்காங்க. அவன் வண்டிய அத்தனை வருஷம் வேலியோரம் நின்னு முழுசாப் பாத்தவன் நீ ஒருத்தன்தான். திட்டறதுக்காகவாவது பாத்தியே."

பழகிப் பார்க்க லயல் கிளெனிஸ் வீட்டுக் கொட்டகைக்குப் போனார். பழகுவதற்கென்று நெவ்வின் வண்டியில் பழைய டயர்களை மாட்டியிருந்தார்கள். மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் அந்தக் கியர்பெட்டி இருந்தது. துருப்பிடிக்காமல் இருக்க யாரோ விடாமல் எண்ணெய் தடவிவந்தது தெரிந்தது. யாரென்று கேட்கவேண்டிய அவசியம் இல்லை. லயல் தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடினார். வெட்கமாக இருந்தது. சொல்லிக்கொள்ள ஆள் இல்லாத வெட்கம்.

பச்சை வண்டியில் ஏறியதும் பழக்கதோஷம் கையைப் பிடித்து இழுத்தது. நியூட்ரலில் வைத்தே என்ஜினை அலறவிட்டார், உச்சத்தில் கம்பியைத் தட்டப்போனார். கியர் வண்டியில் வளர்ந்தவர்கள் அத்தனை பேரும் செய்கிற தப்பு அது. தட்டியிருந்தால் வண்டியின் கியர்பெட்டி உள்ளேயே உடைந்துபோயிருக்கும். கிளெனிஸ் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"கொன்னுடாத அத! முதல்ல கியரைப் போடு. பிரேக்கை விடாத. அப்புறம் மெதுவா மிதி. நெவ் அப்படித்தான் பண்ணுவான். எத்தனை தடவை பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்."

அப்போதுதான் லயலுக்கு உறைத்தது. சாலையில் போகத்தான் ஆட்டோமேட்டிக்கில் இடது கால் வேண்டாம். நின்ற இடத்தில் டயர் எரிக்க வேண்டுமானால் பிரேக்கைக் கடைசிவரை பிடித்திருப்பது அந்த இடது கால்தான், வலது கால் மிதிப்பதை விடமுடியாது. இத்தனை வருஷமாக வேலையில்லாத கால் என்று இவர் சிரித்த அந்தக் காலால்தான் நெவ் பிரேக்கை முழு நேரமும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். செயற்கைக் காலைப் பிரேக்கில் வைத்து, தொடையை இடது கையால் கீழே அமுக்கிக்கொண்டு லயல் பழகினார். கால் கொஞ்ச நேரம் வழுக்காமல் நின்றது. போதும் என்று நினைத்தார்.

சனிக்கிழமை மதியம், சாம்பல் இறக்கிய டயர்களை மாட்டிக்கொண்டு பச்சை வண்டி தளத்தில் நிற்க, சுற்றி ஊர் கூடியிருந்தது. தொத்திறைச்சி சுடும் அடுப்பை மூட்டாமல் வைத்திருந்தார்கள், எல்லாம் முடியட்டும் என்று. தீயணைப்புத் தொண்டர்கள் குழாயோடு நின்றார்கள். லயல் கம்பியை இழுத்து கியரைப் போட்டார், தொடையை அமுக்கினார், மிதித்தார். மெல்லிய புகை எழுந்தது. அதைத் தொடர்ந்து இன்னும் கொஞ்சம். அதற்குள் செயற்கை முழங்கால் மடங்கிப் பாதம் பிரேக்கிலிருந்து வழுக்கியது. வண்டி முன்னால் பாய்ந்தது. வலது காலை எடுத்து பிரேக்கில் குத்தி, தளத்தின் ஓரத்துச் சிமென்ட் சுவருக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். என்ஜின் அணைந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. தீயணைப்பில் நின்ற ஜாரட், போன வருஷம் தளத்தில் பரிசு வாங்கியவன், ஜன்னலண்டை வந்து குனிந்தான்.

"பரவால்ல பெருசு. எறங்கு. நான் முடிச்சுக் குடுத்துர்றேன். யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க."

லயல் கதவைத் திறந்துவிட்டார். ஒரு கால் வெளியே. அப்போது மறுபக்கத்துக் கதவு திறந்தது. கிளெனிஸ் கறுப்புக் கவுனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறி, நீள மெத்தையில் நகர்ந்து நகர்ந்து அவர் தோளோடு தோள் இடிக்க வந்து உட்கார்ந்தார். காலணியைக் கழற்றினார்.

"கால உள்ள வை. கதவச் சாத்து."

"கிளென், இது..."

"பிரேக்கு என்னுது. மத்தது உன்னுது. அந்தக் காலத் தள்ளு, வழிய அடைக்குது."

லயல் செயற்கைக் காலை இரண்டு கையாலும் தூக்கி சீட்டோடு ஒட்டி மடக்கிவைத்தார். கிளெனிஸ் வெறும் வலது காலை நீட்டி பிரேக்கை மிதித்தார். வண்டியைப் பின்னால் எடுத்துத் தளத்தின் நடுவில் நிறுத்தினார்கள். லயல் விடச் சொன்னபோது கிளெனிஸ் பிரேக்கை விட்டார், பிடிக்கச் சொன்னபோது பிடித்தார்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன். மெதுவா, லயல். அவன மாதிரி."

மெதுவாக மிதித்தார். வாழ்க்கையில் எதையும் அப்படி மெதுவாக அவர் செய்ததில்லை. நூல் வந்தது, நூல் கயிறானது, பின்கண்ணாடி வெளுத்தது. ஊர் மறைந்தது, சுவர் மறைந்தது, வண்டியின் மூக்கு மறைந்தது. உள்ளே வந்த புகையில் இருவரும் இருமினார்கள். "விட்டுடாத," என்றார் லயல். "நீ மிதி," என்றார் கிளெனிஸ். இடது பக்க டயர் முதலில் வெடித்தது. வலது பக்கம் பிடிவாதம் பிடித்தது. ரப்பர் துண்டுகள் தகரத்தில் அடித்தன, வெறும் இரும்புவட்டம் சிமென்டில் உரசித் தீப்பொறி பறந்தது. லயல் வாய்விட்டுக் கெஞ்சினார். "வாடா. வாடா மச்சான். வந்துரு." சக்கரத்திடம் கெஞ்சினாரா, ஆளிடம் கெஞ்சினாரா என்று அவருக்கே தெரியாது. வெடித்தது.

வெளியே ஆரவாரம் கேட்டது, ஹாரன்கள் கேட்டன. புகையில் எது ரப்பர், எது நெவ் என்று யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது. காற்று எல்லாவற்றையும் கோதுமைத் தாள் நின்ற நிலத்தின் பக்கமாகக் கொண்டுபோயிற்று. லயல் கம்பியை மேலே தள்ளி, சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார்.

கிளெனிஸ் மட்டும் காலை எடுக்கவில்லை. கண் முன்னால் வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு, முழுப் பலத்தோடு பிரேக்கை அழுத்தியபடியே இருந்தார். கெண்டைக்கால் நடுங்கியது. "முடிஞ்சுது, கிளென்," என்றார் லயல். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

லயல் ஸ்டியரிங்குக்கு அடியில் பக்கவாட்டில் சாய்ந்து குனிந்தார். அந்த வெறும் பாதத்தை இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் ஏந்தி, பிரேக்கிலிருந்து மெல்ல மெல்லத் தூக்கி, வண்டியின் தரைவிரிப்பின் மேல் வைத்தார்.