மழைக்காலத்தில் வந்த அக்கா

கள்ளக்குறிச்சியில் செருப்புக்கடை வைத்திருக்கும் சுபைர், அந்த மழைக்காலம் முழுக்கத் தன் மனைவி ருக்ஷானாவின் பக்கத்தில் யாரையும் அண்டவிடவில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி அப்போதுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். சாதாரணச் சளியைக்கூட இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஊரெல்லாம் இருமல், காய்ச்சல். கடையிலிருந்து வந்தால் பின்கட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் சுபைர் அவள் அறைக்குள் நுழைவார், அதுவும் முகக்கவசத்தோடு. நலம் விசாரிக்க வந்த சொந்தங்களை ஜன்னலோடு திருப்பி அனுப்பினார். பலருக்கு அதில் மனத்தாங்கல்.

ஒரு நாள் மணலூர்பேட்டையிலிருந்து காசிம் பீவி வந்தார். ருக்ஷானாவின் அக்கா. தாயில்லாத தங்கையை இடுப்பில் வைத்து வளர்த்தவர். நனைந்த புடவை, கையில் ஆட்டுக்கால் சூப்பு.

"சளி கிளி ஒண்ணும் இல்லியேக்கா?" வாசலிலேயே கேட்டார் சுபைர்.

"தொண்டை லேசா கரகரங்குது தம்பி. மழையில வந்தேன்ல, அதான்."

"அப்ப ஜன்னலாண்ட நின்னு பாத்துட்டுப் போயிடுங்கக்கா. கோச்சுக்காதீங்க."

உள்ளேயிருந்து ருக்ஷானா அழுதுகொண்டே கத்தினாள். "எங்கக்காவையுமா வெளிய நிக்க வெப்பீங்க? இன்னாங்க இது?"

அத்தனை நாள் கெட்டியாக நின்றவருக்கு அந்த அழுகை தாங்கவில்லை. வழிவிட்டார்.

காசிம் பீவி தங்கையை மடியில் சாய்த்து, முடி கொட்டிய தலையைத் தடவித் தடவி ஊட்டினார். ருக்ஷானா ஏதோ சின்ன வயதுக் கதை சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

அந்த வாரமே ருக்ஷானாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஃப்ளூ என்றார்கள். நுரையீரலில் இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் அவள் பிழைக்கவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து கூட்டம் கலைந்ததும் காசிம் பீவி கேட்டார்: "தம்பி, மறைக்காம சொல்லு. நான் கொண்டாந்த சளிதானே?"

"இல்லக்கா. கடைக்கு எத்தினி பேரு இருமிக்கினு வராங்க. எங்கிட்டேருந்துதான் ஒட்டியிருக்கும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு உள்ளுக்குள் அறுத்தது. ஆனால் அந்தச் சிரிப்பை நினைத்தால், வழிவிட்டது தப்பென்றும் சொல்ல முடியவில்லை.

மறு வருஷம் மழைக்கு முன்பே சுபைர் மணலூர்பேட்டைக்குப் போய், ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வரும்படி காசிம் பீவியைக் கூப்பிட்டார்.

"இனிமே எனக்கெதுக்கு தம்பி?"

"பேரப்புள்ளைங்க உங்க மேலயே வுழுந்துக்கினு கிடக்குதுங்களே. போட்டுக்குங்கக்கா."

காசிம் பீவி அவர் முகத்தைப் பார்த்தார்; அன்றைய தொண்டைக் கரகரப்பு நினைவுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, புர்காவை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.