நம்ம நடுவுல ஒரு வேலி

அதத்தான் சொல்றேன் அம்மணி, கேபிள் டீவில எதையோ பாத்துப்போட்டு, நம்ம ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல மறைப்பு வேணும்னு எம்பையனே பலகை வேலி அடிக்கறான். மர ஆசாரியக் கூப்புடுடான்னு சொன்னா கேக்கமாட்டேங்கறான். வேலி கோணிக்கிட்டு நிக்குது, அவன் சுத்தியலத் திட்டறான்! இனி நான் யாருகிட்டப் பேசறது?

இந்தச் சுத்தியல் சத்தம் கேட்டாலே நான் பொறந்த தொண்டாமுத்தூருதான் ஞாபகம் வருது. நான் சின்னப்புள்ளையா இருக்கறப்ப, எங்கய்யன் அவரு தம்பிகூடச் சண்டை போட்டு, ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல குச்சி அடிச்சுத் தென்னோலைத் தட்டி கட்டிப்போட்டாரு. அந்தத் தம்பி பொண்டாட்டி, எங்க சின்னம்மா, தெனம் வெடியால ஒரு ஓலைய உருவி அடுப்புப் பத்தவெப்பா. ஊடெல்லாம் ஓலப்பொகை. எங்கம்மாளும் இந்தப் பக்கமிருந்து உருவுனது எங்கய்யனுக்குத் தெரியாது. தை பொறக்கறதுக்குள்ள வேலியே இல்ல!

ஓலைன்னா உருவலாம், பலகைய என்ன பண்றது? ஐயோ, பால் பொங்குது! நான் வாரதுக்குள்ள அந்தக் கடைசிப் பலகைய ஆட்டிப் பாரு, அதுக்கு இன்னும் ஆணி அடிக்கல.